வெயில் இனாம், தண்ணீர் இனாமல்ல



கடல் தண்ணீரைச் சூரிய ஒளியால் நன்னீராக்கும் இயந்திரம் ஒன்றைப் போட்டால் கட்டுபடியாகுமா? சவளக்கடையிலும் கல்முனையிலும் ஹோட்டல் வைத்திருப்போரும் ஐஸ் வியாபாரிகளும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானது. கிழக்கே வற்றாத கடல், தலைக்கு மேலே வருடத்தில் பெரும்பகுதி வெயில். இரண்டுக்கும் விலை இல்லை. அப்படியானால் தண்ணீரும் இலவசம்தானே என்று மனம் சொல்கிறது. ஆனால் கடன் எடுத்து முதலிடுபவர் மனம் சொல்வதை விட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இது புதிய தொழில் அல்ல. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் லாஸ் சலினாஸ் என்ற இடத்தில் 1872 ஆம் ஆண்டிலேயே உவர் நீரைக் கண்ணாடிக் கூரையின் கீழ் வெயிலில் ஆவியாக்கி, நாளொன்றுக்குச் சுமார் 20,000 லீற்றர் நன்னீர் எடுத்தார்கள். அது ஏறத்தாழ 40 வருடங்கள் இயங்கியது. பக்கத்தில் இருந்த சுரங்கத்துக்கு அந்தத் தண்ணீர் கட்டாயம் தேவைப்பட்டது. ஆனால் அதற்கு 4,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கண்ணாடி தேவைப்பட்டது. இன்றும் அந்த முறையில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 லீற்றர்தான் கிடைக்கும். ஒரு வீட்டுக்குக் காணும், ஹோட்டலுக்குக் காணாது.

ஆகவே இன்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆர்.ஓ. இயந்திரம்தான். மோட்டார் தண்ணீரை அழுத்த, மெல்லிய சவ்வு உப்பைத் தடுத்து நன்னீரை மட்டும் விடுகிறது. சோலார் பெனலின் வேலை அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது மட்டுமே. உப்புக் கூடினால் அழுத்தம் கூட வேண்டும், அழுத்தம் கூடினால் மின்சாரமும் கூடும். கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதற்கு 55 முதல் 70 பார் வரை அழுத்தம் வேண்டும். சவர்க் கிணற்று நீருக்கு 10 முதல் 25 பார் போதும்.

நாளொன்றுக்கு 10,000 லீற்றர் தேவைப்படும் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். பெரிய கடல்நீர் ஆலைகள் அழுத்தத்தை மீட்டெடுக்கும் சாதனத்தின் உதவியால் 1,000 லீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரத்தில் வேலையை முடிக்கின்றன. அந்தச் சாதனம் இல்லாத சிறிய இயந்திரம் 8 அலகு வரை எடுக்கலாம். அப்படியானால் நாளுக்கு 80 அலகு. ஒரு கிலோவாற் பெனல் எமது பகுதியில் நாளுக்குச் சுமார் 4 அலகு தருமென வைத்தால், 20 கிலோவாற் பெனலும் 100 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கூரையும் வேண்டும். அதே அளவு நீரைச் சவர்க் கிணற்றிலிருந்து எடுத்தால் 1,000 லீற்றருக்கு ஒன்றரை அலகு. நாளுக்கு 15 அலகு, 4 கிலோவாற் பெனல். முதலீட்டில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்!

சரி, சவர்க் கிணற்றை இஷ்டப்படி இறைக்கலாமா? கூடாது. எமது கரையோர மணலின் கீழ் நன்னீர், கனத்த உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலுள்ள உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேறலாம் என்பது நீரியல் விதி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கிழக்குக் கரையோரக் கிணறுகள் உப்பாகின. அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்துத் துப்புரவு செய்வது உப்பை மேலே இழுக்கும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்ததும், மழையே கிணறுகளைத் தேற்றியதும் எம்மவர் அறிந்த பாடம். மெதுவாக இறைப்பதே இயந்திரத்துக்கும் கிணற்றுக்கும் நல்லது.

கடலைத்தான் நம்ப வேண்டிய இடங்களும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்காகத் தாழையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர் ஆலை 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அது அரசு செய்யும் வேலை. சிறிய ஊருக்கு உதாரணம் கென்யாவின் கியுங்கா. அந்த மீனவக் கிராமத்தில் கிவ்பவர் என்ற தொண்டு நிறுவனம் 2018 இல் நாளுக்குச் சுமார் 75,000 லீற்றர் தரக்கூடிய சோலார் ஆலையை அமைத்தது. அங்கும் தண்ணீருக்குச் சிறு விலை அறவிடுகிறார்கள், பராமரிப்புக்குப் பணம் வேண்டுமே! எமது அயல்நாடான மாலைதீவின் மாலே நகரம் ஒரே ஆலையை நம்பியிருந்தது. 2014 டிசம்பர் 4 இல் அங்கு தீப்பிடித்ததும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சில நாட்கள் குழாய் நீரின்றித் தவித்தனர். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. தண்ணீரை நம்பித் தொழில் செய்பவர் இரண்டாவது வழியொன்றையும் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே கையொப்பமிடுவதற்கு முன்னர் இவற்றைக் கவனியுங்கள்:

1. முதலில் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் சோதியுங்கள். உப்பின் அளவு தெரியாமல் விலை பேசாதீர்கள். குழாய் நீர் ஒழுங்காகக் கிடைக்கும் கடைக்கு இந்த இயந்திரமே தேவைப்படாமல் போகலாம்.

2. சவ்வு 3 முதல் 5 வருடங்களில் மாற்றப்பட வேண்டியது. வடிகட்டிகளை அடிக்கடி மாற்ற வேண்டும். அந்தச் செலவை மாதா மாதம் ஒதுக்குங்கள். பழுது பார்ப்பவர் எங்கிருந்து வருவார் என்றும் கேளுங்கள்.

3. பற்றரியில் மின்சாரத்தைச் சேமிப்பதைவிட, வெயில் நேரத்தில் இயந்திரத்தை ஓட்டித் தாங்கியில் தண்ணீரைச் சேமிப்பது மலிவு.

4. 100 லீற்றர் கடல் நீரில் 40 லீற்றர்தான் நன்னீர், மீதி கடும் உப்புக் கழிவு. அதை வயலிலோ கிணற்றருகிலோ விட்டால் அயலவரின் சாபம் மிஞ்சும்.

5. கடற்கரையில் குழாய் பதிக்கக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும், போத்தலில் அடைத்து விற்கச் சுகாதார அமைச்சின் பதிவும் தேவை.

எனது கருத்து இதுதான். எமது பகுதிச் சிறு வியாபாரிக்குக் கடல் நீர் இன்னும் விலை கூடிய சரக்கு. அளவான சவர்க் கிணறும் சிறிய சோலாரும் கட்டுபடியாகும். மின்கட்டணத்தைச் சூரியன் கட்டும். சவ்வையும் வடிகட்டியையும் பழுது பார்ப்பவரின் கூலியையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.