யன்னல் மோட்டரை மாற்றுமுன் மின்பாதையைச் சோதிப்போம்



வலிகாமம் வடக்கில் மீளக்குடியமர்ந்த சில குடும்பங்கள் மரக்கறி ஏற்றுவதற்குக் கூட்டாக ஒரு பழைய யப்பான் வான் வைத்திருக்கின்றன. ஐப்பசி மழையில் அதன் இடப்பக்க யன்னல் கண்ணாடி கீழிறங்கியபடியே நின்றுவிட்டது. "மோட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றனர் திருத்துமிடத்தில். விதை வெங்காயத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கைவைக்குமுன் அவர்கள் எம்மிடம் வந்தனர். எல்லோருமாகச் சோதித்தோம். அந்தச் சோதனையே இவ்விதழின் பாடம்.

நாம் ஏற்கெனவே அறிந்தது

1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நம்மிற் பலர். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரு வயர்தான் போகும். மின் திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. தொடுக்கும் இடம் துருப்பிடித்தால் நல்ல மின்குமிழும் எரியாது. வாகனத்திலும் அப்படியே: போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி.

யன்னல் மோட்டருக்கு இரண்டு வயர்கள் உண்டு. சுவிச்சை அழுத்தாதபோது, பெரும்பாலான வாகனங்களில், இரண்டும் பொடியுடன் தொடுக்கப்பட்டிருக்கும். மேலே அழுத்தினால் ஒன்றுக்கு 12 வோல்ற் வரும். கீழே அழுத்தினால் மற்றதற்கு. மோட்டர் திசைமாறிச் சுழல்வது இதனால்தான். இடப்பக்க மோட்டருக்கான திரும்பும் வழி பெரும்பாலும் சாரதியின் பிரதான சுவிச் ஊடாகச் செல்கிறது. அங்கே பழுதானால் இங்கே கண்ணாடி அசையாது.

சோதிக்கும் முறை

1. சாவியைத் திருப்பி எல்லா யன்னல்களையும் இயக்கிப் பாருங்கள். எதுவும் இயங்காவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். சாரதியின் யன்னல் மட்டும் இயங்கினால், அவரருகேயுள்ள பூட்டுப் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளதா என்று கவனியுங்கள்.

2. சுவிச்சை அழுத்திக் காதுகொடுங்கள். மோட்டர் சுழலும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், பழுது கண்ணாடியைத் தூக்கும் கம்பியிலோ பல்லிலோ இருக்கும்.

3. சாரதியின் சுவிச்சிலும் அந்தக் கதவின் சுவிச்சிலும் அழுத்துங்கள். ஒன்றில் மட்டும் இயங்கினால் மற்றச் சுவிச்சைச் சந்தேகியுங்கள்.

4. கதவின் உள்மட்டையைக் கழற்றி, மோட்டரின் இணைப்பைப் பிரியுங்கள். சிக்னல் விளக்கின் 21 வாற்று மின்குமிழில் இரு வயர்களைப் பொருத்தி, இணைப்பின் இரு முனைகளிலும் வைத்து, மேலும் கீழும் அழுத்துங்கள். இருமுறையும் நன்றாக எரிந்தால் மோட்டரையே சந்தேகிக்கலாம். எரியாவிட்டால் விளக்கின் ஒரு வயரைப் பொடியில் வைத்து, மற்றதால் ஒவ்வொரு முனையையும் தொட்டு, மீண்டும் அழுத்துங்கள். இப்போது எரிந்தால், மின் வருகிறது. திரும்பும் வழிதான் அறுந்துள்ளது.

மிகச் சிறிய மின்குமிழ் ஏமாற்றும். ஒரேயொரு இழை மிஞ்சிய வயரிலும் அது எரியும், மோட்டரோ சுழலாது.

நாம் கண்டது

எமது விளக்கு பொடியில் வைத்தபோது எரிந்தது. இரு முனைகளிலும் வைத்தபோது எரியவில்லை. கதவுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாயை இழுத்துப் பார்த்தோம். உள்ளே ஒரு வயர் அறுந்திருந்தது. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வயர்கள் அங்கேதான் மடிகின்றன. வளையக்கூடிய புதிய வயர்த்துண்டை இட்டு, மூட்டுகள் குழாய்க்கு வெளியே வருமாறு ஈயம் வைத்து ஒட்டி, நீர் புகாது சுற்றினோம். கண்ணாடி ஏறியது. விதைப் பணம் மிஞ்சியது.

எச்சரிக்கை

வயரை வெட்டவோ ஒட்டவோ முன்னர் பற்றறியின் மறை முனையைக் கழற்றுங்கள். பியூஸுக்குப் பதிலாகக் கம்பியோ கூடிய அம்பியர் பியூஸோ போடாதீர்கள், வயர் தீப்பிடிக்கும். காற்றுப்பைக்குரிய மஞ்சள் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். கணினிக் கட்டுப்பாடுள்ள புதிய வாகனங்களில் இந்த விளக்கைப் பயன்படுத்தாது, மீற்றர் உள்ள மின் தொழிலாளரிடம் காட்டுங்கள்.

சொந்தக் காணிக்குத் திரும்பியோருக்கும், இன்னும் காத்திருப்போருக்கும் ஒவ்வொரு ரூபாயும் பெரிது. "மாற்றுங்கள்" என்று ஒருவர் சொன்னால், "எப்படிச் சோதித்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்போம்.

குழுவாகக் கலந்துரையாட

1. சோதிக்காமல் நாம் மாற்றிய பொருட்கள் எவை?
2. எமது ஊரில் ஒரு சோதனை விளக்கை யார் செய்து வைத்திருப்பார்?