அட்டென்டன்ஸில் எந்தப் பெயர்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் தன் கணக்கைத் திறந்ததும் பல இடங்களில் இரண்டு கட்டங்கள் கண்ணில் படும். உங்களை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பது ஒன்று. உங்களுக்கான பிரதிப்பெயர் எது, 'ஹீ'யா, 'ஷீ'யா, 'தே'யா என்பது இன்னொன்று. இந்த இரண்டு கட்டங்களைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களில் உலவும் கதைகளுக்கு அளவே இல்லை. அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: இது திருநர்களுக்காக வந்த ஏற்பாடு, நம் பிள்ளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: திருநர் மாணவர்களின் கோரிக்கைதான் இதற்கு வேகம் கொடுத்தது. ஆனால் பலன் அவர்களோடு நிற்கவில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இனிஷியலோடு வாழ்ந்து பழகியவர்கள் நாம். செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பெயரோடு விசாவுக்குப் போனால், அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று அடித்துக் கொடுப்பார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்து பல நேரம் பல்கலைக்கழகக் கணினிக்குள்ளும் புகுந்துவிடும். முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் பட்டியலைப் பார்த்து 'ஃப்னூ' என்று கூப்பிடுவார். கூப்பிடுவது தன்னைத்தான் என்று செந்திலுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும். அதே வகுப்பில் இன்னும் இரண்டு ஃப்னூக்கள் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கட்டத்தில் 'செந்தில்' என்று அடித்துச் சேமித்தால் வகுப்புப் பட்டியலிலும் பாடத்தளத்திலும் செந்தில் வந்துவிடுவார். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவர்களுக்குத்தான் அவ்வளவு எளிதாக விடிவதில்லை. முருகேசன் மகன் கார்த்திக்குக்கு, 'டியர் மிஸ்டர் முருகேசன், உங்கள் அசைன்மென்ட் வரவில்லை' என்று மெயில் வரும். நாமக்கல்லில் இருக்கும் முருகேசன் என்ன செய்வார், பாவம். பல பல்கலைக்கழகங்கள் முதற்பெயரையும் நடுப்பெயரையும் மட்டுமே இப்படி மாற்ற விடுகின்றன. குடும்பப் பெயரில் கைவைக்க விடுவதில்லை.

நம்பிக்கை: இஷ்டத்துக்குப் பெயரை மாற்றினால் சான்றிதழ்கள் குழம்பும், ஆள்மாறாட்டம் நடக்கும்.

உண்மை: கணினிக்கு மாணவர் என்பவர் ஓர் எண். அந்த எண்ணுக்குக் கீழே சட்டப்படியான பெயரும் அழைக்கும் பெயரும் தனித்தனியாக இருக்கும். ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை. விசாவுக்கான ஐ-20 படிவம், வருமான வரி, சம்பளம், அரசின் கல்வி உதவித்தொகை இவற்றுக்குச் சட்டப்படியான பெயர்தான் போகும். பட்டச் சான்றிதழ் விஷயத்தில் இடத்துக்கு இடம் நடைமுறை மாறுகிறது. கலிஃபோர்னியாவில் அரசுப் பல்கலைக்கழகப் பட்டத்தில் மாணவர் தாம் தேர்ந்த பெயரைக் கேட்டு வாங்கலாம் என்று 2021-இல் சட்டமே இயற்றினார்கள். இந்தியாவில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ காட்ட வேண்டிய பட்டமானால், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே அதில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நம்பிக்கை: எல்லாம் நேற்று முளைத்த ஃபேஷன்.

உண்மை: வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2009-லேயே விருப்பப் பெயரையும் பிரதிப்பெயரையும் தன் பதிவுக் கணினியில் சேர்த்துவிட்டது. ஒருவரைக் குறிக்க 'தே' என்ற பன்மைச் சொல்லைப் பயன்படுத்துவது ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஒரே ஆளை 'அவர்' என்று பலர்பாலில் சொல்லும் நாம் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுதான் விந்தை.

நம்பிக்கை: கட்டத்தைத் திறந்துவிட்டால் ஆளாளுக்குக் கேலி செய்வார்கள்.

உண்மை: செய்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2016-இல் பிரதிப்பெயர்க் கட்டத்தைத் திறந்தபோது, ஒரு மாணவர் தன்னை 'மாட்சிமை தங்கிய மன்னர்' என்று அழைக்கும்படி பதிந்துகொண்டார். செய்தி நாடெங்கும் ஓடியது. அதோடு சரி.

நம்பிக்கை: ஆசிரியர் வாய் தவறினால் வேலை போய்விடும்.

உண்மை: வாய் தவறுவது வேறு, வேண்டுமென்றே மறுப்பது வேறு. மறுத்தவருக்கும் சட்டம் எப்போதும் எதிராக நின்றதில்லை. ஓஹாயோவின் ஷானி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் நிக்கோலஸ் மெரிவெதர், ஒரு திருநங்கை மாணவியைப் பெண்பாலில் அழைக்க மத நம்பிக்கையைக் காட்டி மறுத்தார். அவருக்குக் கிடைத்தது எழுத்துபூர்வமான எச்சரிக்கை. அதை எதிர்த்து அவர் வழக்குப் போட, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் வழக்கு தொடரலாம் என்று அவர் பக்கம் நின்றது. மறு ஆண்டு பல்கலைக்கழகம் 4 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. எனக்கு அந்தப் பேராசிரியரின் பிடிவாதத்தில் உடன்பாடில்லை. அங்கே ஆசிரியர்கள் எல்லாம் நடுங்கிக் கிடக்கிறார்கள் என்ற கதைக்கும் ஆதாரமில்லை.

நம்பிக்கை: பழைய பெயரால் கூப்பிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

உண்மை: செந்திலுக்கு நேர்வது சங்கடம். திருநர் மாணவருக்கு நேர்வது அதுவல்ல. சேலை கட்டி, பெண்ணாகவே அறியப்பட்டு வகுப்பில் அமர்ந்திருப்பவரை அறுபது பேர் முன்னால் ஆண் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கையைத் தூக்குவதா, ஆப்சென்ட் ஆவதா? கையைத் தூக்கிய நொடியில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். யாரிடம், எப்போது சொல்வது என்று அவர் எடுக்க வேண்டிய முடிவை ஒரு பட்டியல் எடுத்துவிடுகிறது. அதற்குப் பயந்து முதல் வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்த நிலையைத்தான் அந்த ஒரு கட்டம் மாற்றியது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ரஸ்ஸலும் சக ஆய்வாளர்களும் 129 திருநர் இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர் வட்டம் என்று தேர்ந்த பெயரைப் பயன்படுத்த முடிகிற இடம் ஒன்று கூடினாலே, தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். 129 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பெயரை ஏற்கும் வீடு மற்ற வகையிலும் அன்பான வீடாக இருக்கலாம் என்பதால், பெயர் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கட்டத்தை நிரப்பும் பத்து நிமிட வேலைக்கு இதைவிட நல்ல நியாயம் தேவையா?

இந்த ஆகஸ்டில் கிளம்புகிறவர்களுக்கு: ஐ-20, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் எழுதுங்கள். அழைக்கும் பெயருக்கான கட்டத்தை வகுப்பு தொடங்கும் முன்பே நிரப்பிவிடுங்கள். பிரதிப்பெயர்க் கட்டம் பொதுவாகக் கட்டாயமில்லை. வேண்டாமென்றால் காலியாக விடலாம். பக்கத்தில் இருப்பவர் நிரப்பியிருந்தால், அவர் கேட்டபடி கூப்பிடுங்கள்.