கோடு வரவில்லை என்றால் வாக்கியம் சரியா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று, வேர்ட் தொகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடிப்பது. எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுக்குக் கீழே சிவப்பு நிறத்தில் நெளிகோடு வரும். இலக்கணப் பிழை இருந்தால் வேறு நிறத்தில் கோடு வரும். இந்த வசதியைப் பார்த்ததும் பலருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. "கோடு எதுவும் இல்லை, எனவே கடிதம் சரி" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

திருவாலங்காட்டில் மாலை நேரங்களில் சிலருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். வேலைக்கான விண்ணப்பம், கல்லூரிக்குக் கடிதம், வங்கிக்கு மெயில் என்று அவர்கள் அடித்துக் கொண்டு வருபவற்றைப் படித்துப் பார்ப்பது வழக்கம். நான் அதிகம் திருத்துவது எழுத்துப் பிழைகளை அல்ல. எழுவாய்க்குப் பொருந்தாத வினைச்சொல்லைத்தான். "இஸ்" வர வேண்டிய இடத்தில் "ஆர்" இருக்கும். "ஹேவ்" வர வேண்டிய இடத்தில் "ஹேஸ்" இருக்கும். விண்ணப்பத்தைப் படிப்பவர் நம் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பத்து வரிகளை வைத்துத்தான் நம்மை எடை போடுவார். எனவே இந்த ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஆங்கில வாக்கியங்களை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தந்துள்ளேன். உங்கள் கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்து பாருங்கள்.

முதலில் வேர்டைத் தயார் செய்வோம்

1. ஃபைல் மெனுவில் கிளிக் செய்து, ஆப்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் இடது பக்கம் ப்ரூஃபிங் என்பதில் கிளிக் செய்யவும்.

2. "மார்க் கிராமர் எரர்ஸ் ஆஸ் யூ டைப்" என்ற வரிக்கு முன் உள்ள கட்டத்தில் டிக் அடையாளம் இருக்க வேண்டும்.

3. அதன் அருகே ரைட்டிங் ஸ்டைல் என்ற இடத்தில் செட்டிங்ஸ் பட்டனை அழுத்தவும். நீண்ட பட்டியல் ஒன்று கிடைக்கும். அதில் "சப்ஜெக்ட் வெர்ப் அக்ரிமெண்ட்" என்பதைத் தேடி, டிக் இல்லை என்றால் ஏற்படுத்தி ஓகே செய்திடவும்.

இனி இலக்கணப் பிழை என்று வேர்ட் கருதும் இடத்தில் கோடு வரும். வேர்ட் 2010 வரை இந்தக் கோடு பச்சை; 2013 முதல் நீலம். கடிதம் முழுவதையும் சோதிக்க எஃப் 7 கீயை அழுத்தலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் இதே கீதான்.

தமிழுக்குத் தெரிந்த விஷயம்தான்

எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவது நமக்குப் புதிதல்ல. அவன் வருகிறான், அவள் வருகிறாள், அது வருகிறது, அவர்கள் வருகிறார்கள். வினையின் கடைசியைக் கேட்டாலே வருவது யார் என்று தெரிந்துவிடும். திணை, பால், எண், இடம் பிறழ்ந்தால் அது வழு என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே பேசுகிறது.

ஒவ்வொரு மொழிக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். தெலுங்கில் அவள் வந்தாள் என்பதற்கு "ஆமெ வச்சிந்தி". அது வந்தது என்பதற்கும் "அதி வச்சிந்தி". இரண்டுக்கும் ஒரே வினை. மலையாளத்திலோ யார் வந்தாலும் "வந்நு" என்று ஒரே சொல்தான். ஆங்கிலம் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் என்ற படர்க்கை ஒருமைக்கு மட்டும் வினையில் ஒரு "எஸ்" சேரும். ட்ரெயின் கம்ஸ், ட்ரெயின்ஸ் கம். பெயரில் எஸ் இருந்தால் வினையில் இல்லை. வினையில் இருந்தால் பெயரில் இல்லை என்று பெரும்பாலும் நினைவில் வைக்கலாம். இறந்த காலத்தில் வாஸ், வேர் என்ற இரண்டைத் தவிர வேறு கவலையே இல்லை.

இவ்வளவு எளிது என்றால் நாம் ஏன் தடுமாறுகிறோம்? எனக்குத் தெரிந்த முக்கியமான காரணம், பெயர்ச்சொற்களை அடுக்கும் வரிசை.

தலை எங்கே இருக்கிறது?

"மாம்பழங்களின் விலை அதிகம்" என்கிறோம். அதிகமாக இருப்பது பழமா, விலையா? விலைதான். தமிழில் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வந்து, தலையான சொல் கடைசியில், வினைக்கு அருகில் நிற்கும். எனவே அருகில் உள்ள பெயரோடு வினையைப் பொருத்தியே நமக்குப் பழக்கம்.

ஆங்கிலத்தில் இது தலைகீழ். "தி ப்ரைஸ் ஆஃப் தி மேங்கோஸ் இஸ் ஹை". இங்கே தலையான ப்ரைஸ் முன்னால் போய்விட்டது. வினைக்கு அருகில் நிற்பது மேங்கோஸ் என்ற பன்மை. நம் பழக்கம் அதைப் பிடித்துக் கொண்டு "ஆர்" என்று அடிக்க வைக்கிறது.

இதற்கு மருந்தும் தமிழிலேயே உள்ளது. வாக்கியத்தை ஒரு முறை தமிழில் சொல்லிப் பாருங்கள். பெயர்த் தொடரின் கடைசியில் வரும் சொல்தான் எழுவாய். அது ஒருமையா பன்மையா என்று பார்த்து ஆங்கில வினையைப் போடுங்கள்.

* ஐந்து சபைகளில் ஒன்று திருவாலங்காட்டில் உள்ளது. கடைசிச் சொல் ஒன்று. எனவே, "ஒன் ஆஃப் தி ஃபைவ் சபாஸ் இஸ் இன் திருவாலங்காடு". நடராஜரின் இரத்தின சபை இங்கே இருப்பது தெரிந்ததே.

* 31 செப்பேடுகளின் தொகுதி 1905இல் கிடைத்தது. கடைசிச் சொல் தொகுதி. "தி செட் ஆஃப் 31 காப்பர் ப்ளேட்ஸ் வாஸ் ஃபவுண்ட் இன் 1905". இது முதலாம் ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு. இதில் ஒரு பகுதி சமஸ்கிருதம், ஒரு பகுதி தமிழ். ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று பார்க்கும் மொழியும், ஒருமை, பன்மை என்று இரண்டு மட்டும் பார்க்கும் மொழியும் ஒரே ஆவணத்தில் உள்ளன.

* சான்றிதழின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. கடைசிச் சொல் நகல்கள். "தி காபீஸ் ஆஃப் மை சர்டிபிகேட் ஆர் அட்டாச்டு". விண்ணப்பங்களில் அடிக்கடி தவறும் வரி இது.

* தம்பிகளுடன் அப்பா வருகிறார். வருவது அப்பா. "மை ஃபாதர், அலாங் வித் மை பிரதர்ஸ், இஸ் கமிங்". அதுவே அப்பாவும் தம்பிகளும் வருகிறார்கள் என்றால் இடையில் "அண்ட்" வரும். வினை "ஆர்" ஆகும்.

பலரைக் குழப்பும் "நம்பர் ஆஃப்" கூட இதில் தெளிந்துவிடும். படிகளின் எண்ணிக்கை 365 என்றால் எண்ணிக்கைதான் தலை. "தி நம்பர் ஆஃப் ஸ்டெப்ஸ் இஸ் 365". பல பேர் காத்திருக்கிறார்கள் என்றால் பேர்தான் தலை. "எ நம்பர் ஆஃப் பீப்பிள் ஆர் வெயிட்டிங்".

தமிழ் வழி செல்லாத இடங்கள்

நான்கு இடங்களில் மட்டும் கவனம் தேவை.

1. மரியாதைப் பன்மை. அப்பா வருகிறார், ஐயா வந்திருக்கிறார்கள் என்போம். ஆங்கில வினை மரியாதை பார்க்காது. ஒருவர் என்றால் இஸ், ஹேஸ்தான்.

2. பேச்சு வழக்கு. "ரயிலெல்லாம் லேட்டா வருது" என்று பன்மைக்கும் ஒருமை வினை போட்டுப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ட்ரெயின்ஸ் என்றால் ஆர்.

3. எவ்ரிபடி, எவ்ரிஒன், ஈச். தமிழில் எல்லோரும் வருகிறார்கள். ஆங்கிலத்தில் "எவ்ரிபடி இஸ் கமிங்".

4. எண்ண முடியாத பெயர்கள். இன்ஃபர்மேஷன், லக்கேஜ், ஃபர்னிச்சர், நியூஸ் எல்லாம் ஒருமை. நம் கம்ப்யூட்டர் உலகின் சாஃப்ட்வேர், ஹார்ட்வேர் இரண்டும் அப்படியே. சாஃப்ட்வேர்ஸ் என்று அடிக்க வேண்டாம். இதற்கு எதிராக, போலீஸ் என்பது பன்மை. "தி போலீஸ் ஆர் கமிங்".

கம்ப்யூட்டர் ஏன் தவற விடுகிறது?

இலக்கணச் சோதனை செய்யும் சாஃப்ட்வேர், ஒவ்வொரு சொல்லையும் பெயரா வினையா என்று கணித்து, எழுவாய் எதுவாக இருக்கும் என்று ஊகிக்கிறது. சிறிய வாக்கியத்தில் ஊகம் பெரும்பாலும் சரியாக அமையும். எழுவாய்க்கும் வினைக்கும் இடையே பத்து சொற்கள் புகுந்தால் பிழை தப்பிவிட வாய்ப்பு உண்டு. சரியான வாக்கியத்தின் கீழ் கோடு விழுவதும் உண்டு.

இன்னொன்று, நம் மனதில் இருப்பது அதற்குத் தெரியாது. ஷீப் என்ற சொல் ஒரு ஆட்டுக்கும் பல ஆடுகளுக்கும் பொது. "தி ஷீப் இஸ் சோல்ட்" என்றால் விற்றது ஒன்று. "தி ஷீப் ஆர் சோல்ட்" என்றால் பல. இரண்டும் சரியான ஆங்கிலம் என்பதால் எதற்கும் கோடு வராது. மீதி ஆடுகளை வாங்க இருந்தவருக்கு "ஆர்" என்று மெயில் போனால், அவர் வேறு இடம் பார்த்துக் கொள்வார்.

நாமே சோதிக்க ஒரு வழி

கடிதத்தை முடித்ததும் கண்ட்ரோல் + எச் அழுத்தவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் ஃபைண்ட் டேபைக் கிளிக் செய்து, "இஸ்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்யவும். மோர் பட்டனை அழுத்தி, "ஃபைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி" என்பதில் டிக் செய்யவும். இல்லையேல் திஸ், லிஸ்ட் போன்ற சொற்களுக்குள் இருப்பதையும் காட்டும். பிறகு ரீடிங் ஹைலைட் பட்டனில் ஹைலைட் ஆல் தேர்ந்தெடுத்தால் எல்லா இடங்களும் நிறமிட்டுக் காட்டப்படும். ஒவ்வொன்றிலும் யார், எது என்று கேட்டுச் சரி பாருங்கள். ஆர், ஹேஸ், ஹேவ், வாஸ், வேர் ஆகியவற்றையும் இதே போல் தேடுங்கள். ரீப்ளேஸ் ஆல் பட்டனை மட்டும் தொட வேண்டாம்; சரியாக இருப்பதும் மாறிவிடும். ஒரு பக்கக் கடிதத்திற்கு ஐந்து நிமிடம் போதும்.

பயிற்சி

1. தி கீஸ் ஆஃப் தி ஹவுஸ் ... வித் மி. இஸ்ஸா, ஆரா?

2. ஒன் ஆஃப் தி ட்ரெயின்ஸ் ... லேட். வாஸா, வேரா?

3. எ லாட் ஆஃப் பீப்பிள் ... கம் டு திருத்தணி. ஹேஸா, ஹேவா?

4. மை மதர், அலாங் வித் மை சிஸ்டர்ஸ், ... கமிங். இஸ்ஸா, ஆரா?

5. எவ்ரிபடி ... திஸ் ரோட். நோவா, நோஸா?

விடைகள்: 1. ஆர் 2. வாஸ் 3. ஹேவ் 4. இஸ் 5. நோஸ்

இந்த ஐந்தையும் தவறான விடையோடு வேர்டில் டைப் செய்து பாருங்கள். எதற்கெல்லாம் கோடு வருகிறது, எது தப்பிச் செல்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.