சீனி சீனாவில் பிறந்ததா?

நம்பிக்கை: சீனியைக் கண்டுபிடித்தது சீனா. சர்க்கரையோ தூய தமிழ்ச் சொல். வெள்ளைக்காரன் இங்கே வந்து காதில் வாங்கித்தான் ‘சுகர்’ என்றான்.

உண்மை: ஒரு பொருளின் பெயரை அதன் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்வதால் வரும் பிழைகள் இவை இரண்டும். முதலில் சீனி. கரும்பை மனிதர் முதன்முதலில் பயிராக்கியது நியூ கினியில் என்கிறார்கள் தாவரவியலார். அதன் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் வித்தை கைகூடியது இந்தியாவில். இதற்குச் சீனர்களே சாட்சி: 647-இல் தாங் பேரரசர் தாய்சோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பியதை அவர்களுடைய அரச வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. அப்படியானால் சீனி என்ற பெயருக்கு ஆதாரமே இல்லையா? இருக்கிறது. கற்ற வித்தையைச் சீனர்கள் மெருகேற்றினார்கள். மஞ்சள் மண் கரைத்த நீரை ஊற்றிப் பழுப்பை வடித்துச் சர்க்கரையை வெளுக்க வைக்கும் முறையை, சோங் யிங்சிங் 1637-இல் வெளியிட்ட தொழில்நுட்ப நூல் விவரிக்கிறது. வெள்ளைச் சர்க்கரையை இந்தியச் சந்தை சீனத்தோடு சேர்த்துப் பேசியதால் சீனி என்ற பெயர் நிலைத்தது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இந்தியில் கற்கண்டுக்கு ‘மிஸ்ரி’ என்று பெயர். எகிப்தைச் சேர்ந்தது என்பது அதன் பொருள். அதற்காகக் கற்கண்டை நைல் நதிக்கரையின் கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்வதில்லை. சரக்கோடு எந்த நாட்டின் பேர் ஒட்டியிருந்தது என்பதை மட்டுமே இத்தகைய பெயர்கள் காட்டுகின்றன.

இனி ‘சுகர்’. அதன் வேர் ‘சர்க்கரா’ என்னும் சமஸ்கிருதச் சொல். பொடிக்கல், பருக்கை என்பது முதற்பொருள். அதன் பிராகிருத வடிவமான ‘சக்கரா’ மேற்கே போய்க் கிரேக்கத்தில் ‘சாக்கரோன்’ ஆனது. உப்பைப்போல் கட்டியாகி, பல்லிடையே நொறுங்கும் பொருள் என்று கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் இதை வர்ணிக்கிறார். பாரசீகத்தின் ‘ஷகர்’, அரபியின் ‘சுக்கர்’ என்று இன்னொரு கிளை பிரிந்தது. அரபு ஆட்சிக் காலத்தில் சிசிலியிலும் ஸ்பெயினிலும் கரும்பு பயிரானபோது சொல்லும் கூடவே வேரூன்றியது. ஸ்பானிய ‘அசூக்கார்’ சொல்லின் முதலெழுத்து, அரபியின் ‘அல்’ என்னும் முன்னொட்டு விட்டுச்சென்ற தடம். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை இந்தச் சொல் அடைந்தது 13-ஆம் நூற்றாண்டில். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதோ 1600-இல். ஆகவே ஆங்கிலேயர் கப்பலேறும் முன்பே ‘சுகர்’ அவர்கள் வாயில் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே போனது வேறொரு சொல்: மலபாரின் ‘சக்கர’ போர்த்துக்கீசியர் வாயில் ‘ஜாகரா’ ஆகி, வெல்லத்தைக் குறிக்கும் ‘ஜாகரி’யாக ஆங்கிலத்தில் நுழைந்தது. ஒரே வேர், இரண்டு நுழைவு.

கரும்பைச் சங்க காலம் முதலே அறிந்த தமிழர் அதன் சர்க்கரைக்குப் பெயரைக் கடன் வாங்கியிருப்பார்களா என்று கேட்கலாம். அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்ததாகப் புறநானூறு சொல்வது உண்மை. கரும்பு, ஆலை, வெல்லம் எல்லாம் நம் சொற்களே. நுண்மணலைக் குறிக்கும் ‘அயிர்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கும் கண்டசர்க்கரை என்ற பொருள் உண்டு. மணலையும் சர்க்கரையையும் ஒப்புநோக்கத் தமிழருக்கு வடமொழி தேவைப்படவில்லை. ஆனாலும் ‘சர்க்கரை’ என்ற ஒலிவடிவம் வடமொழியிலிருந்து வந்ததே. ‘ர்’ஐத் தொடர்ந்து ‘க்க’ வரும் அந்தச் சேர்க்கையை உச்சரிப்புக்கு இணக்கி, ‘சருக்கரை’ என்றும் எழுதினார்கள். இரவல் பெயரால் விளைச்சலின் பெருமை குறைவதில்லை. ஒரு பயிரின் தொன்மையை நிறுவ விதையும் வயலும் இலக்கியமும் சான்றாகும். பெயர் ஒன்றை மட்டும் வைத்து உரிமை கொண்டாடினால், அதே அளவுகோலால் சீனியைச் சீனாவுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியிருக்கும்.