பல்லுக்கும் அஸ்திவாரம் வேண்டும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. பல் போனால் சொல் மட்டுமா போகிறது? கரும்பும் போகிறது, முறுக்கும் போகிறது! இவை நமக்குத் தெரிந்த இழப்புகள். தெரியாமலே போவது ஒன்று உண்டு. அதுதான் பல்லைத் தாங்கி நின்ற தாடை எலும்பு. இழந்த பல்லுக்குப் பதிலாகச் செயற்கை வேர் ஊன்றும் சிகிச்சையில் மருத்துவருக்குப் பெரும் சிக்கலைத் தருவது இந்த எலும்பு இழப்பே. அதை எவ்வாறு ஈடு செய்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எலும்பு ஏன் கரைகிறது?

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் அன்று. அது நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. நாம் மெல்லும்போது உண்டாகும் அழுத்தம் பல்லின் வேர் வழியாகத் தாடை எலும்புக்குச் செல்கிறது. அந்த வேலை இருக்கும்வரை உடல் அதைப் பேணிக் காக்கிறது. பல் நீங்கியதும் வேலையும் நீங்குகிறது. எலும்பு மெல்ல மெலிகிறது. பல் பிடுங்கிய ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடக் கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே குறைந்துவிடும்.

டைட்டானியம் செய்த விந்தை

சுவீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950-களின் தொடக்கத்தில் லுண்ட் நகரில் எலும்பினுள் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்து வந்தார். அதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆன சிறு கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் அது வரவில்லை! எலும்பு உலோகத்தோடு ஒன்றிப் போயிருந்தது. இதைத் தொல்லை என்று தள்ளிவிடாமல், ஏன் என்று கேட்டார் அவர். 1965-ஆம் ஆண்டு கோதென்பர்க் நகரில் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். பிறவியிலேயே தாடைக் குறையுள்ள லார்சன், 2006-இல் இறக்கும்வரை அந்தத் திருகுகளின் மேல் அமைந்த பற்களைப் பயன்படுத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல்! பிரோனெமார்க் 2014-இல் மறைந்தார்.

ஒரு சிறு கணக்கு

உலோகம் எலும்போடு ஒன்ற வேண்டுமானால், ஒன்றுவதற்கு எலும்பு இருக்க வேண்டும் அன்றோ? சாதாரணமாக ஒரு திருகின் விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். அதன் இருபுறமும் குறைந்தது 1 மில்லிமீட்டர் எலும்பு நிற்க வேண்டும். ஆகவே அகலம் 6 மில்லிமீட்டராவது தேவை. கீழ்த்தாடையினுள் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஓடுகிறது. திருகின் நுனிக்கும் அந்த நரம்புக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். கணக்கு தவறி நரம்பு காயப்பட்டால், கீழ் உதடும் முகவாயும் மரத்துப் போகலாம். சிலருக்கு அது திரும்பாமலே போகலாம்.

ஆகவேதான் கத்தியைத் தொடுமுன் திட்டமிடுகிறார்கள். முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் உயரம், அகலம், நரம்பின் பாதை அனைத்தையும் கணினித் திரையில் அளக்கிறார்கள். பல் எங்கே அமைய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்பத் திருகின் இடத்தையும் சாய்வையும் குறிக்கிறார்கள். தேவையானால், துளையிடும் கருவி வழி தவறாதிருக்க வழிகாட்டி அச்சு ஒன்றையும் செய்து கொள்கிறார்கள்.

எலும்பை வளர்ப்பது எப்படி?

எலும்பு போதாத இடத்தில் எலும்புத் துகள்களையோ துண்டையோ வைக்கிறார்கள். கொடி படரப் பந்தல் போடுகிறோமே, அதுபோல இத்துகள்கள் புது எலும்பு படர இடம் தருகின்றன. ஆனால் ஈறு எலும்பைவிட வேகமாக வளரும். இடத்தைப் பிடித்துக் கொள்ளும். அதைத் தடுக்க மேலே ஒரு மெல்லிய சவ்வை விரித்துத் தைக்கிறார்கள். மேல் கடைவாயில் வேறொரு முறை உண்டு. அங்கே எலும்புக்கு மேல் 'சைனஸ்' என்னும் காற்றறை இருக்கிறது. அதன் அடிச்சவ்வைக் கிழியாமல் மெல்ல உயர்த்தி, கீழே உண்டாகும் இடத்தை எலும்புத் துகளால் நிரப்புகிறார்கள்.

இந்த எலும்பு நோயாளியின் முகவாயிலிருந்தோ, தாடையின் பின்பகுதியிலிருந்தோ, நிறையத் தேவையானால் இடுப்பிலிருந்தோ எடுக்கப்படலாம். கொடையாகப் பெற்ற மனித எலும்பும், பதப்படுத்திய மாட்டெலும்பும், செயற்கைப் பொருள்களும் உண்டு. எது வைக்கப்படுகிறது என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை. சொல்வது மருத்துவரின் கடமை.

பொறுமையே மருந்து

என் பெரியம்மா கீழ்க் கடைவாய்ப் பல்லை இழந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் திருமணத்துக்கு முன் பல் கட்டிவிட வேண்டும் என்று மருத்துவரிடம் போனார். எலும்பின் அகலம் 4 மில்லிமீட்டர்தான் இருந்தது. "முதலில் எலும்பை வளர்ப்போம் அம்மா. ஆறு மாதம் பொறுங்கள்" என்றார் மருத்துவர். பெரியம்மாவுக்குக் கோபம். "எவ்வளவு ஆனாலும் தருகிறேன், இப்போதே போடுங்கள்" என்றார். மருத்துவர் இணங்கவில்லை. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டு வந்தால்தான் அறுவையே என்றும் சொல்லிவிட்டார். பெரியம்மா பல் இல்லாமலேதான் திருமண வரவேற்பில் நின்றார். ஆனால் அடுத்த ஆண்டு ஊன்றிய பல் இன்று உறுதியாக நிற்கிறது. பணத்தால் மருத்துவரைப் பெறலாம். எலும்பு வளரும் காலத்தை விலைக்கு வாங்க முடியாது!

நமக்கு என்ன?

தோழியரே, இது முதியோர் செய்தி என்று எண்ண வேண்டாம். வளரும் பருவத்தினருக்குச் செயற்கை வேர் பொதுவாக ஊன்றுவதில்லை. தாடை வளரும்போது இயற்கைப் பற்கள் கூடவே நகரும். எலும்போடு ஒன்றிய திருகோ நின்ற இடத்திலேயே நிற்கும். பல் பள்ளத்தில் கிடப்பது போலாகிவிடும். ஆகவே நம் வயதில் பல்லைக் காப்பதே வழி.

விளையாட்டுத் திடலில் நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் ஒரு கணம் கழுவுங்கள்; தேய்க்காதீர்கள். உடனே குழியில் பொருத்த இயலாவிட்டால், பாலில் போட்டுக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரைமணி நேரத்துக்குள் சென்றால் அந்தப் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டில் யாரேனும் பல் பிடுங்கிக்கொள்ளப் போனால், "இந்த இடத்து எலும்பைக் காக்க என்ன செய்யலாம்?" என்று அன்றே கேட்கச் சொல்லுங்கள். பல ஆண்டு கழித்து எலும்பை வளர்ப்பதைவிட, இருக்கும் எலும்பைக் காப்பது எளிது.