மண்ணுக்குள் ஓர் எரிபொருள்

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டிலுள்ள பூராகேபூகூ என்னும் சிற்றூரில், 1987-ஆம் ஆண்டு தண்ணீருக்காக ஆழ்குழாய்க் கிணறு தோண்டினர். 108 மீட்டர் தோண்டியும் நீர் வரவில்லை, வாயுவே வந்தது. புகைபிடித்தபடி எட்டிப் பார்த்த தொழிலாளி தீக்காயமுற்றார். அஞ்சிக் கிணற்றை மூடிவிட்டனர்.

2012-இல் சோதித்தபோது, அவ்வாயுவில் 98 விழுக்காடு ஹைட்ரஜன் எனத் தெரிந்தது. அதனை எரித்து மின்சாரம் எடுத்தனர். ஊர்ப் பிள்ளைகள் விளக்கொளியில் பாடம் படித்தனர்.

பூமியின் ஆழத்தில் இரும்பு மிகுந்த பாறையுடன் நீர் சேரும்போது, இரும்பு ஆக்ஸிஜனை ஏற்றுக்கொள்ள, ஹைட்ரஜன் பிரிகிறது. அது எரிந்தால் நீராவி உண்டாகுமேயன்றிக் கரியமில வாயு உண்டாகாது. ஆயினும், மிக இலேசான இவ்வாயு எளிதில் கசிந்துவிடும். மேலே இறுகிய பாறை மூடியிருந்தால்தான் தங்கும். அத்தகைய இடங்களைத் தேடுவதே இன்றைய அறிஞர்தம் பணி.

அச்சம் மூடிய கிணற்றை அறிவு திறந்தது. நாமும் ஏன், எப்படி என்று கேட்டுக் கற்போமாக!