கடனோடு வந்த உர மூட்டை



"நம்ம தாத்தா, அப்பா காலத்துல ஏன் ரசாயனத்துக்கு மாறினாங்க? ஆசையா, அறியாமையா?" என்று கூட்டத்துக்கு வரும் இளைஞர்கள் கேட்கிறார்கள். பயிர்க்கடன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டுமே முழுக் காரணம் இல்லை. கடன் வந்த வழியையும் பார்க்கணும்.

1951-52ல் ரிசர்வ் வங்கி எடுத்த கிராமக் கடன் ஆய்வில், உழவர் வாங்கிய கடனில் வணிக வங்கிகளின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. கூட்டுறவு 3 சதவீதம் சொச்சம். பெரும்பகுதி வட்டிக்காரர் கொடுத்தது. நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கு 1895 முதல் பெரியாறு தண்ணீர் இருந்தது. தண்ணீர் இருந்தாலும் நடவுக்குக் காசு வேணுமே!

1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலுக்கு முன்னுரிமை கொடுத்தது. ஆலை பெருகினால் நகரம் பெருகும். நகரத்துக்கு மலிவா சோறு வேணும். அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 கோதுமை வந்தது. 1965-66 வறட்சி நாட்டை உலுக்கியது. 1966-ல் ஐ.ஆர்.8 நெல் வெளியானது. குட்டை ரகம், தழைச்சத்தைக் கொட்டினாலும் சாயாது. ஆனால் விதை, உரம், மருந்து, மோட்டார் எல்லாத்துக்கும் ரொக்கம் வேணும். 1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. பிறகு வங்கிக் கடனில் 18 சதவீதம் வேளாண்மைக்கு என்று இலக்கும் வந்தது.

இதில் நல்லதும் உண்டு. வட்டிக்காரர் திண்ணைக்குக் கீழே நின்ற சனம், வங்கிக்குள்ள வந்து நாற்காலியில உட்கார்ந்தது. அது சின்ன மாற்றம் இல்லை.

ஆனால் கடனோடு ஒரு விவசாய முறையும் சேர்ந்து வந்தது. கூட்டுறவுக் கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உர மூட்டை. உரத்துக்கு ரசீது உண்டு. சாணத்துக்கு ஏது ரசீது? மலைமாட்டுக் கிடை போடக் கடன் கேட்டு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "படிவத்துல அதுக்கு இடமில்லைங்க" என்று திருப்பி அனுப்பினேன். இன்னைக்கு என் வயல்ல கிடை போடும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகம் வருது.

நாம் செய்ய வேண்டியது இதுதான். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை ஆண்டுதோறும் மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு முடிவு செய்கிறது. கிடைக்கூலி, தொழு உரம், மூடாக்கு, பஞ்சகவ்யம், களையெடுப்பு ஆள்கூலி என ஒரு போகத்துக்கு ஏக்கர் கணக்கை நோட்டில் எழுதுங்கள். பத்துப் பேர் கணக்கைச் சேர்த்து, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள். இயற்கை விவசாயத்துக்குத் தனிக் கடன் அளவு கேளுங்கள்.

வாய்ப்பேச்சை வங்கி ஏத்துக்காது. எழுதின கணக்கைத் தள்ளிவிடுவது அத்தனை சுலபம் இல்லை.